மலைப் பாதையில் ராடார் டிடெக்டர் எதற்கு?

(கண்டியில் வான், கார், முச்சக்கரவண்டிச் சாரதிகள் கூடிய அவையில் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



"சேர், எந்த ராடார் டிடெக்டர் நல்லது? எதை வாங்கலாம்?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். பொலிஸாரின் வேகத் துப்பாக்கியின் அலையை உணர்ந்து சாரதியை எச்சரிக்கும் கருவி அது. கேட்பவர்கள் வீதியில் பந்தயம் ஓடுகிறவர்கள் அல்லர். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, பகலெல்லாம் ஹயர் ஓடி, இரவில் வீடு திரும்புகிறவர்கள். ஒரு தண்டச் சீட்டு எழுதப்பட்டால் அன்றைய உழைப்பு போய்விடும். அனுமதிப்பத்திரம் பொலிஸார் கைக்குப் போகக்கூடும். அப்போது தற்காலிகத் துண்டு ஒன்று நம் கைக்கு வரும். 14 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு. ஆகவே அந்தக் கேள்வியை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அதற்கு நேரான விடை சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள மலைப் பாதைகளிலும் ஓடுகிற ஒருவருக்கு எந்த ராடார் டிடெக்டரும் கொடுத்த காசுக்குப் பெறுமதி தராது. விலை உயர்ந்ததும் தராது, மலிவானதும் தராது. ஏன் என்பதைக் கருவி கருவியாக எடுத்துப் பார்ப்போம். நான் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், நீங்களே தீர்மானிக்கும் அளவுக்கு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொலிஸாரின் கருவி எப்படி வேகத்தை அளக்கிறது? இதில் இரண்டு வகை உண்டு. பழையது ராடார். கண்டி புகையிரத நிலையத்துக்குள் வரும் ரயிலின் ஊதல் நெருங்கும்போது கீச்சென்றும், கடந்து போனதும் தடித்தும் கேட்பதை எல்லோரும் அறிவீர்கள். 1842இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டொப்ளர் விளக்கிய விளைவு அது. ராடார் துப்பாக்கி ஒலிக்குப் பதிலாக நுண்ணலையை அனுப்புகிறது. 24.15 கிகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் அலையை அனுப்பி, 70 கிலோமீற்றர் வேகத்தில் நேரே வரும் வாகனத்தில் அது பட்டுத் திரும்பினால், திரும்பிய அலையில் ஏறத்தாழ 3,100 ஹேர்ட்ஸ் கூடியிருக்கும். அந்தக் கூடுதலைக் கணக்கிட்டு வேகத்தைத் திரையில் காட்டும்.

இந்த அலை ஒரு நேர்க்கோடாகப் போவதில்லை, விரிந்துகொண்டே போகும். கையில் பிடிக்கும் சாதாரணத் துப்பாக்கியின் அலை 300 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 60 மீற்றர் அகலத்துக்குப் பரவிவிடும். முன்னால் போகும் லொறியிலும், மதிலிலும், பாறையிலும் பட்டுச் சிதறும். பொலிஸாருக்குத் தேவையானது போய்த் திரும்பி வரும் பலவீனமான எதிரொலி. உங்கள் டிடெக்டருக்கோ ஒரு வழியில் வரும் அலை போதும். அதனால்தான் பொலிஸார் உங்களை அளப்பதற்கு முன்பே டிடெக்டர் அவர்களைக் கண்டுபிடித்துவிடுகிறது. டிடெக்டர் வியாபாரத்தின் முழு இலாபமும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இரண்டாவது வகை லேசர். இலங்கைப் பொலிஸாரின் கையில் இன்று நாம் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். படமும் வீடியோவும் எடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக உங்கள் வண்டியின் இலக்கத்தகடு மீது அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தையும், தூரம் குறையும் விரைவைக் கொண்டு வேகத்தையும் கணிக்கிறது. அரைச் செக்கனுக்குள் வேலை முடிந்துவிடும். இந்த ஒளி 300 மீற்றரில் ஒரு மீற்றர் அளவுக்குத்தான் விரியும். பக்கத்து வண்டியில் படாது, மதிலில் பட்டுச் சிதறாது. உங்கள் வண்டியைக் குறிவைத்தால் உங்கள் வண்டியில் மட்டும் படும்.

விலை எவ்வளவாக இருந்தாலும் ராடார் டிடெக்டர் தோற்கும் இடம் இதுதான். பெட்டியில் 'லேசரையும் கண்டுபிடிக்கும்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யல்ல, கண்டுபிடிக்கும். ஆனால் கருவி கத்தும்போது உங்கள் வேகம் ஏற்கெனவே திரையில் விழுந்திருக்கும். மனிதன் ஒரு சத்தத்தைக் கேட்டுக் காலை பிரேக்கில் வைப்பதற்கே ஒரு செக்கனுக்கு மேலாகும். பொலிஸ்காரருக்கு அரைச் செக்கன், உங்களுக்கு ஒரு செக்கனுக்கு மேல். அந்தக் கருவி எச்சரிக்கை தருவதில்லை. நடந்து முடிந்ததை அறிவிக்கிறது.

இனி டிடெக்டர்களுக்கு வருகிறேன். இந்தப் பண்டம் பிறந்த இடம் அமெரிக்கா. 1960களின் கடைசியில் ஒஹையோ மாநிலத்தில் டேல் ஸ்மித் என்பவர் 'ஃபஸ்பஸ்டர்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார். 1978இல் 'எஸ்கோர்ட்' வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக் வலன்டைன் பின்னர் பிரிந்து போய் 1992இல் 'வலன்டைன் வன்' கருவியை வெளியிட்டார். அலை முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா என்று அம்புக்குறியால் காட்டியது அதன் சிறப்பு. இன்று அதன் இரண்டாம் தலைமுறையும், யுனிடன் நிறுவனத்தின் உயர்ரகக் கருவிகளும், எஸ்கோர்ட்டின் வழிவந்தவையும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

அவற்றை ஒப்பிடுகிறவர்கள் பார்ப்பது எதை? எவ்வளவு தூரத்தில் அலையைப் பிடிக்கிறது என்பது முதலாவது. பொய் எச்சரிக்கைகளை எவ்வளவு வடிகட்டுகிறது என்பது இரண்டாவது, அதுவே முக்கியமானது. திசை காட்டுகிறதா, ஜிபிஎஸ் மூலம் 'இந்த இடத்தில் எப்போதும் இப்படித்தான் ஒலிக்கும்' என்று நினைவில் வைத்துக்கொள்கிறதா என்பதெல்லாம் அடுத்தவை. இந்த எல்லாவற்றிலும் நல்ல பெயர் எடுத்தவற்றை அமெரிக்காவில் 500 டொலரும் அதற்கு மேலும் கொடுத்தே வாங்குகிறார்கள். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை இலட்சம். நீண்ட நேர்ப் பாதையும், ராடாரைப் போட்டபடியே எதிரே ஓடிவரும் பொலிஸ் காரும் உள்ள நாட்டுக்கு அது நல்ல கருவிதான், மறுக்கவில்லை. மூன்று நான்கு கிலோமீற்றருக்கு முன்பே அங்கே அது சொல்லிவிடக்கூடும். நமது கண்டியில் மூன்று கிலோமீற்றர் நேர்ப் பாதை எங்கே இருக்கிறது? கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போனாலும், பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போனாலும், தென்னக்கும்புரவிலிருந்து திகன பக்கம் போனாலும், சிறிது தூரத்துக்கு ஒரு வளைவும் வளைவுக்கு ஒரு மண்மேடும் உண்டு. நுண்ணலை மலையைத் துளைத்துப் போகாது. அமெரிக்கர் காசு கொடுத்து வாங்கும் தூரத்தை நமது மலை முதல் வளைவிலேயே தின்றுவிடும்.

இன்னொரு பக்கம், இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவை. '16 பேண்ட்' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். உலகத்தில் பொலிஸார் வேகம் அளக்கப் பயன்படுத்தும் அலைவரிசைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எக்ஸ், கே, கேஏ என்ற மூன்றும் லேசரும் தெரிந்தால் போதும். பதினாறு என்ற எண் வாங்குகிறவரை மயக்குவதற்காகப் போட்டது. இந்த மலிவுக் கருவிகளுக்கு உண்மையான துப்பாக்கியைத் தூரத்தில் பிடிக்கும் கூர்மை இல்லை; ஆனால் கத்துவதற்கு மட்டும் குறைவில்லை. பக்கத்தில் வரும் வண்டியைக் கண்ணாடியில் விளக்கு எரித்துக் காட்டும் உணரி பல புதிய கார்களில் இருக்கிறது அல்லவா, அவற்றில் பல 24 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்பவை. பெரிய கடைகளில் ஆள் வந்ததும் தானாகத் திறக்கும் கதவுகளிலும் அதே அலை உண்டு. மாலை ஐந்து மணிக்குத் தலதா வீதியில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது இந்தக் கருவி ஓயாமல் அலறினால், சில நாளில் உங்கள் காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். பிறகு அது உண்மையைச் சொன்னாலும் உங்களுக்கு உறைக்காது.

மூன்றாவது வகையைச் சிலர் தெரியாமலே வைத்திருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள் சிலவற்றின் டாஷ்போர்டில் சிறிய திரையோடு ஒரு பெட்டி ஒட்டியிருக்கும்; வண்டியை இயக்கியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். யுபிடெரு, செல்ஸ்டார், கொம்டெக் போன்ற நிறுவனங்களின் பெயர் அதில் இருந்தால், அது ராடார் டிடெக்டர். ஜப்பானில் அது உண்மையாகவே பயன்படுவது. ஏனென்றால் அந்த நாட்டில் நிலையாகப் பொருத்திய வேகக் கமராக்களின் இடங்கள் எல்லாம் அதன் நினைவில் பதிந்திருக்கும். ஜிபிஎஸ் பார்த்து முன்கூட்டியே சொல்லும். அந்தப் பட்டியலில் கண்டி இல்லை. அதை விலைக்கு வாங்காதீர்கள். வண்டியோடு வந்திருந்தால் கழற்றிவிடுங்கள். முன் கண்ணாடி ஓரத்தில் பார்வையை மறைக்கும் எந்தப் பொருளும் மலைப் பாதையில் ஆபத்து.

இனிச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். அலையை வாங்கிக் கேட்கும் கருவி வேறு, அலையை அனுப்பிப் பொலிஸாரின் கருவியைக் குழப்பும் 'ஜாமர்' வேறு. இரண்டாவதை யாராவது விற்க வந்தால் பக்கத்திலும் போகாதீர்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், வானலை வெளியிடும் கருவியை உரிமமின்றிப் பயன்படுத்த முடியாது. டிடெக்டரைக்கூட எல்லா நாடும் ஏற்பதில்லை. அமெரிக்காவிலேயே வேர்ஜீனியா மாநிலத்திலும் வாஷிங்டன் நகரிலும் தடை. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதை வண்டியில் வைத்திருப்பதே குற்றம். டொரொண்டோவிலிருந்து மைத்துனர் ஒருவர் 'வரும்போது ஒன்று கொண்டுவாறன்' என்று சொன்னால், அவர் ஓடும் வீதியில் அவரே அதைப் போட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

நம்மிடம் காசில்லாத டிடெக்டர் ஒன்று உண்டு. எதிரே வரும் வண்டி இரண்டு முறை லைட் அடித்தால், முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று இலங்கையில் எந்தச் சாரதிக்கும் தெரியும். அதற்கு அடுத்ததாக, வேஸ் போன்ற செயலிகளில் முன்னால் போனவர்கள் குறித்துவிட்டுப் போகும் அடையாளம். தொலைபேசி சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் அது எப்போதும் கைகொடுக்காது. ஒன்றரை இலட்ச ரூபாய்க் கருவியை விட எதிரே வரும் அந்த லைட் லேசருக்கு எதிராக நன்றாக வேலை செய்கிறது என்பது உண்மை. ஏனென்றால் அளக்கப்பட்டுவிட்ட ஒருவரின் எச்சரிக்கை, அளக்கப்படாத இன்னொருவருக்குப் போகிறது.

ஆனால் அந்த லைட்டை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? பொலிஸ் நிற்கும் இருநூறு மீற்றருக்கு மட்டும் மெதுவாகப் போய், அவரைத் தாண்டியதும் மறுபடி மிதிக்கிறோம். மண் சரிந்து பாதியில் வீதி மறைந்திருக்கும்போது, பாறை உருண்டு கிடக்கும்போது, வளைவில் பஸ் ஒன்று பழுதாகி நிற்கும்போது, எண்ணெய் சிந்திக் கிடக்கும்போது எத்தனை பேர் எதிரே வருகிறவருக்கு லைட் அடிக்கிறோம்? கண்டி மாவட்டத்தில் மழைக்காலத்தில் ஓடியவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பொலிஸ்காரர் பறிப்பது பணத்தை. கடுகண்ணாவையில் விழும் பாறை எதைப் பறிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடுகண்ணாவை என்றதால் இதையும் சொல்கிறேன். கொழும்பு–கண்டி வீதி 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையில் வெட்டப்பட்டது.  பிறகு எத்தனையோ முறை அகலப்படுத்தினாலும், கடுகண்ணாவைக் கணவாயின் ஏற்றமும் வளைவும் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் கணக்குப் போட்டவை. மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரை 15 மீற்றர் உள்ள ஒரு கொண்டையூசி வளைவில், ஈரத்தில் டயர் தாங்கும் பிடிப்பைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 28 கிலோமீற்றர் வேகத்தில் எல்லை முடிந்துவிடுகிறது. அங்கே சட்டம் எவ்வளவு அனுமதித்தாலும் பௌதிகவியல் அதற்கு மேல் அனுமதிக்காது. அங்கே எந்த டிடெக்டரும் உங்களுக்குச் சத்தம் போடாது.

2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கரண்டியெல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விபத்தை நான் வேகத்தின் மேல் போட வரவில்லை. கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியா போகும் அந்தப் பாதையில் பிழைக்கு இடமே இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். நாடு முழுவதும் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பலர் உங்களையும் என்னையும் போல வேலைக்குப் போய் வந்தவர்கள்.

வேக எல்லை எண்களைப் பாருங்கள். காருக்குக் குடியிருப்புப் பகுதியில் 50, வெளியே 70; பஸ்ஸுக்கும் லொறிக்கும் வெளியே 60; முச்சக்கரவண்டிக்கு எங்கும் 40. ஏன் 50க்கும் 70க்கும் இவ்வளவு வித்தியாசம் பார்க்கிறார்கள்? 70இல் போகும் வண்டியின் இயக்கச் சக்தி 50இல் போவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால், ஈர வீதியில் 50இல் போகிறவர் ஏறத்தாழ 45 மீற்றரில் நிற்பார். 70இல் போகிறவருக்கு 75 மீற்றரும் போதாது. அந்த முப்பது மீற்றருக்குள்தான் பாடசாலைப் பிள்ளை வீதியைக் கடக்கிறது. சரி, 70இல் போய் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம்? பத்துக் கிலோமீற்றரை 60இல் போனால் பத்து நிமிடம், 70இல் போனால் எட்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதையும் கெட்டம்பே சந்தி நெரிசலில் நின்று கொடுத்துவிடுவோம்.

வேக மானியைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேச விதிப்படி காரின் வேக மானி உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டக் கூடாது. சற்றுக் கூட்டிக் காட்டலாம். அதனால் பெரும்பாலான கார்களில் முள் 70இல் நின்றால் உண்மை வேகம் அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். பொலிஸ்காரர் வீதியோரத்தில் சாய்வாக நின்று அளந்தாலும் கருவி உண்மையை விடச் சிறிது குறைத்தே காட்டும்; உங்களுக்குச் சாதகம்தான். முள்ளை எல்லைக்குள் வைத்திருப்பவர் எந்த லேசரையும் கண்டு பயப்படத் தேவையில்லை. ஒரு விதிவிலக்கு: அழகுக்காகக் கம்பனி அளவை விடப் பெரிய டயர் போட்டவர்கள். அவர்களுக்கு முள் குறைத்துக் காட்டும். அப்படிப் போட்டிருந்தால், கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். வேஸ் போன்ற செயலிகளில் எல்லையைத் தாண்டினால் சத்தம் போடும் வசதியும் உண்டு. நான் உங்களுக்குச் சொல்லும் 'டிடெக்டர்' அதுதான்; அதற்குக் காசு இல்லை.

பொலிஸார் பக்கமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பக்கமும் ஒரு வேண்டுகோள் வைக்க எனக்கு உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பல இடங்களில் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மரக்கிளை மறைத்த பலகைக்குக் கீழே 50 என்று பிடித்துத் தண்டம் எழுதினால், சாரதி திருந்த மாட்டார், டிடெக்டர்தான் வாங்குவார். பலகையைத் தெரியும்படி வையுங்கள். வேகம் அளப்பதை ஆபத்தான வளைவுக்கு முன்னால், எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள். அங்கே ஒரு பொலிஸ்காரர் வெளிப்படையாக நின்றாலே வண்டிகள் அடங்கிப் போகும். மறைந்து நின்று பிடிப்பதால் வருமானம் கூடும். விபத்து குறைவது வேறு கதை.

கடைசியாக, அந்தப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால் என் விடை டயரும் பிரேக்கும். முன் பிரேக் பேட் தேய்ந்ததா, பிரேக் எண்ணெய் பழசானதா என்று கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், கீழ் கியரில் இறங்குங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத்துக்கு அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. பாவித்த டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பள்ளம் இருந்தும் இறுகிப்போன ரப்பர் மழையில் பிடிக்காது. ரப்பரின் வயதை அறிய வழி உண்டு: டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், கடைசி இரண்டு ஆண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் எல்லா டயரிலும் அதைப் பாருங்கள்.